தள்ளி நில்

“உவ்வே!”

கான்ஃபரன்ஸ் அறையில் அந்தச் சத்தம் எழுந்ததும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வாந்தி எடுத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கட்டுமானக் கம்பெனி முதலாளி ராஜ்திலக். சென்னையில் ஆகாயத்தைப் பார்க்கவிடாமல் நிற்கும் அடுக்குமாடிகளில் பாதி அவருடையவை. சற்று முன்புதான் மேஜையைக் குத்தி, “உங்க பெயின்ட் சுத்த டுபாக்கூர்! அந்தச் சுவத்துக்கு நான் சுண்ணாம்பு அடிச்சிருக்கலாம்” என்று கத்தியிருந்தார்.

நேத்ரிகா ஆய்வுக்கூடத்தின் தலைவர் ரகோத்தமன் பதிலுக்கு வாதாடவில்லை. சுகந்தியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ரிமோட்டை அழுத்தினாள். மற்றவர்கள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றே விநாடி. ராஜ்திலக் காலையில் சாப்பிட்ட வெண்பொங்கல், முந்திரிப்பருப்பு உட்பட, மேஜைக்கு வந்துவிட்டது.

“போதுமா சார்?” என்றார் ரகோத்தமன், கைக்குட்டையை நீட்டி.

“என்ன எழவு படம்யா அது?” ராஜ்திலக்குக்கு மூச்சு வாங்கியது. “புண்ணா? புழுவா? எதையோ பார்த்தேன். ஆனா என்ன பார்த்தேன்னு சொல்லத் தெரியலையே!”

“புண்ணும் இல்ல, புழுவும் இல்ல சார். சுகந்தி, நீங்க சொல்லுங்க. உங்க சப்ஜெக்ட்.”

சுகந்தி மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்ததை அடக்கிக்கொண்டு பேசினாள். “நான் முன்னாடி ஓவியக் கல்லூரியில பாடம் எடுத்திட்டிருந்தேன் சார். முதல் வருஷப் பசங்களுக்கு முதல் வகுப்புல ஒண்ணு சொல்லுவோம். எவ்வளவு பெரிய படமானாலும் பிரிச்சுப் போட்டா கிடைக்கிறது கொஞ்சம் சாமான்தான். கோடு, வடிவம், நிறம். வெளிச்சமும் நிழலும். வழவழப்பா, சொரசொரப்பாங்கறது. அப்புறம் நடுவுல விடற இடைவெளி. அடுக்களையில உப்பு, புளி, மிளகாய் மாதிரி. சேர்க்கிற விதத்துல சேர்த்தா ரசம்.”

“நீங்க சேர்த்தது?”

“நாங்க சேர்க்கல. மிஷின் சேர்த்தது.”

ரகோத்தமன் உற்சாகமாகிவிட்டார். இந்தக் கதையைச் சொல்ல அவருக்கு அலுக்கவே அலுக்காது. “ஆளுங்களை வரிசையா உட்காரவெச்சு, வயித்துல ஒரு பட்டையக் கட்டினோம் சார். குடல் கொஞ்சம் புரண்டாலும் அந்தப் பட்டை சொல்லிடும். அப்புறம் அர்த்தமே இல்லாத கோடும் கலருமா மிஷின் காட்டிக்கிட்டே போகும். எதுக்கு வயிறு துளி அசையுதோ அதை வெச்சுக்கும், மத்ததைக் கழிச்சுடும். வெச்சுக்கிட்டதுலேருந்து அடுத்தது, அதுலேருந்து அதுக்கடுத்தது. லட்சக்கணக்குல கழிச்சுக் கழிச்சு கடைசியில நின்னது இது. மனுஷன் கண்ணுக்கு இதுக்கு மேல அருவருப்பா ஒண்ணு கிடையாது.”

அவர் சொன்னது பொய்யில்லை. சுவரோரம் ஒதுங்குகிறவர்களைத் தடுக்க நம் ஊர் என்னென்னவோ செய்து பார்த்தது. ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியது. எழுத்தின் மீதே கழித்தார்கள். எல்லா மதத்துச் சாமிகளையும் ஓட்டில் அச்சடித்து வரிசையாகப் பதித்தது. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான்கு அடி தள்ளிப்போய் வேலையை முடித்தார்கள். சாமிகளால் முடியாததை இந்தப் படம் முடித்தது. ‘தள்ளி நில்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தீட்டிய சுவருக்கு எதிரே எவனும் நிற்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் சுகந்திக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். அடுத்து நகைக்கடை வாசல் படிகளில் யாரும் உட்காரக் கூடாதென்று கேட்டார்கள். பிறகு மேம்பாலத் தூண்களில், அடியில் யாரும் படுக்கக் கூடாதென்று. இப்போது ஓடைமேட்டு நகர், அங்கே யாரும் குடியிருக்கவே கூடாதென்று.

“படம் வேலை செய்யுது, ஒத்துக்கறேன்” என்றார் ராஜ்திலக். “ஆனா ஓடைமேட்டுல ஏன் செய்யல? ஏரியாவைச் சுத்தி நாலு பக்கமும் மதில் எழுப்பி, உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டுலயும் தீட்டியாச்சு. வெளியில இருக்கிறவன் உள்ள போக மாட்டேங்கிறான். பஸ்ஸு நிக்கிறதில்ல, கேஸ் சிலிண்டர்காரன் வாசலோட சரி. ஆனா உள்ள இருக்கிற ஒருத்தன்கூட வெளிய போகலம்மா! அந்த ஜனங்களுக்கு வயிறே கிடையாதா?”

“மரத்துப்போன கூட்டமா இருக்கும்” என்றார் ரகோத்தமன். “டோஸை ஏத்தினா சரியாயிடும். நாளைக்கு சுகந்தி நேர்ல போய் அளந்துட்டு வருவாங்க. மழைக்கு முன்னாடி உங்க இடம் காலி.”

சுகந்தி தலையாட்டினாள். ஆட்டும்போதே, தனக்குத் தினமும் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை ஒரு முறை சொல்லிக்கொண்டாள். புல்டோசர் இல்லை, லத்தி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சும்மா சுவரில் ஒரு படம். பிடிக்காதவர்கள் போய்விடுவார்கள்.

ராஜ்திலக் போன பிறகும் அறையில் நாற்றம் போகவில்லை.

மறுநாள் காரில் அவளோடு பெனடிக்ட் வந்தான். வயிற்றுப் பட்டைகளும் கருவிகளும் அவன் பொறுப்பு. முப்பது வயது இளைஞன். மடியில் கருவிப் பெட்டி, மூக்கின் மேல் தடித்த மஞ்சள் கண்ணாடி. அந்தக் கண்ணாடி நிறங்களைக் குழப்பிவிடும். படத்தின் மற்ற சாமான்கள் அப்படியே இருந்தாலும் விஷம் ஏறாது. சுகந்தியும் ஒன்று போட்டிருந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க அந்தப் படத்தை முழுசா ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?”

“இல்ல. நம்ம ஆய்வுக்கூடத்துல யாருமே முழுசா பார்த்ததில்ல, தெரியாதா? பார்த்தா எப்படி வேலை செய்யறது? ஒரு நாளைக்குக் கோடு மட்டும் எடுத்துத் திருத்துவேன். நிறம் இன்னொரு நாள், வேற தாள்ல. நிழலுக்கு வேற தாள். எல்லாத்தையும் மிஷின்தான் ஒண்ணா சேர்க்கும்.”

“அப்ப பெத்த குழந்தையைக் கை வேற கால் வேறயா மட்டும் பார்த்த அம்மா நீங்க.”

“வாயை மூடிட்டு வா, பெனடிக்ட்.”

ஓடைமேட்டின் மதில் கண்ணுக்குத் தெரிந்ததுமே டிரைவர் வண்டியை ஓரங்கட்டினான். “இதுக்கு மேல வண்டி போவாது மேடம்” என்றவன், கதவைத் திறந்து கீழே குனிந்தான். அவனுக்குக் கண்ணாடி தர யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவன் ஓங்கரிக்கும் சத்தம் பின்னால் கேட்க, இருவரும் நடந்தார்கள்.

ஓடை பக்கத்தில்தான் ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்கு. கறுப்பாக, தடித்து, மேலே நுரை கட்டி, குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. நகரத்தின் நல்ல குடியிருப்புகளெல்லாம் தங்கள் குழாய்களை அதில்தான் திறந்துவிட்டிருந்தன. சுகந்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். இந்த நாற்றத்திலேயே இருக்கிறவர்களுக்குச் சுவரில் என்ன இருந்தால் என்ன என்று தோன்றியது.

கேட்டைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள்.

மதிலின் உள்பக்கத்தில், ‘தள்ளி நில்’ படத்தின் மேலேயே கரியால் மூன்று ஸ்டம்ப் வரைந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி மதிலில் ஆணி அடித்துக் கொடி கட்டி, ஈரப் பாவாடைகள் காய்ந்தன. ஒருவர் படத்தில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றார்.

“தின்கிறார் மேடம்” என்றான் பெனடிக்ட் கிசுகிசுப்பாக. “அதுல சாஞ்சுக்கிட்டு தின்கிறார்.”

“இன்னா பாக்குறீங்க? யாரு வோணும்?”

கேட்டவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். அழுத்தி வாரிய தலை, பெரிய பொட்டு, குரலில் மைக் வைத்தது போல ஒரு கணீர். பெயர் தேசம்மா. கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாற ஆள் அனுப்புவது அவள் தொழில். குடியிருப்புச் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி.

“சுகாதார முகாம் அக்கா” என்று ஆரம்பித்தான் பெனடிக்ட். “வயித்துல ஒரு சின்ன பட்டை கட்டி...”

“தம்பி, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். முகாமுன்னா பேனர் கட்டுவாங்கோ, போட்டோ புடிப்பாங்கோ. நீங்க ரெண்டு பேரும் சொவுத்துக்கு பெயின்ட் அடிச்சவனுங்க மாரி மஞ்சக் கண்ணாடி மாட்டிகினு வந்துகிறீங்க. சொவுத்துக்காரங்கதானே?”

பெனடிக்ட் சுகந்தியைப் பார்த்தான். சுகந்தி தரையைப் பார்த்தாள்.

“வாங்க, வாங்க. வந்தவங்கள வெளிய நிக்கவெச்சிப் பேசுற பழக்கம் எங்களாண்ட கெடையாது.” தேசம்மா வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள். “உங்க படம் வந்ததுலேந்து எம்பொழப்பு இன்னா ஆச்சின்னு தெரியுமா? மண்டபத்துக்காரன் போன் பண்றான். ‘அக்கா, உங்க ஏரியாப் பசங்க பரிமாறுனா சாப்பாடு எறங்கலன்னு மாப்ள வூட்ல சொல்றாங்க.’ எம்பசங்க குளிச்சிப் பவுடர் அடிச்சி, கையில உறை மாட்டிகினுதான் நிப்பானுங்க. சொவுத்தப் பாத்து வாந்தி எடுத்தவனுக்கு அடுத்த தபா எங்களப் பாத்தாலே வாந்தி வருதாம். அட்ரஸ் சொன்னாலே கொமட்டுதாம்.”

சுகந்திக்கு இது தெரியாது. ஆய்வுக்கூடத்தில் யாரும் அளந்து பார்க்காத கணக்கு இது. அருவருப்பு சுவரோடு நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மேலும் போய் அப்பிக்கொள்ளும்.

“போன மாசம் எதுத்த வூட்டு நாகப்பனுக்கு நெஞ்சுவலி” என்றாள் தேசம்மா. குரல் தணிந்திருந்தது. “ஆம்புலன்ஸ் வந்திச்சி. கேட்டாண்டயே நின்னுட்சி. டிரைவரு பாவம், நல்ல புள்ள, கண்ண மூடிகினு வரலாம்னு பாத்தான், முடியல. நாங்களே கட்டிலோட தூக்கினு ஓடுனோம். போய்ச் சேந்தப்ப ஆளு இல்ல.”

உள்ளே எங்கோ குக்கர் விசிலடித்தது.

“அதுக்குதான் நாங்க...” என்று தொடங்கினாள் சுகந்தி. எதற்காக வந்தாள்? டோஸை ஏற்ற வந்தாள். அவள் சரியாக அளந்துகொண்டு போனால் இந்த வாசல், இந்தப் பாவாடைக் கொடி, குக்கர் எல்லாம் மழைக்கு முன்னால் காலி.

“கட்டுங்க உங்க பட்டைய” என்றாள் தேசம்மா. “எனக்கும் தெரிஞ்சிக்கணும்.”

பெனடிக்ட் அவளுக்கும், வேடிக்கை பார்க்க வந்த இன்னும் சிலருக்கும் பட்டை கட்டினான். முதலில் பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். பூஞ்சை பூத்த சோற்றில் புழு நெளியும் படம்.

“சீ! அந்தாண்ட திருப்புடா, கலீஜு!” என்று தேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்களும் கத்தினார்கள். கருவியின் முள் துள்ளியது.

“வயிறு நல்லாத்தான் இருக்கு மேடம். மரத்தெல்லாம் போகல.”

பிறகு உறையிலிருந்து ‘தள்ளி நில்’ அட்டையை எடுத்து நீட்டினான். சுகந்தி மஞ்சள் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தேசம்மா அட்டையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள்.

முள் அசையவில்லை. யாருக்குமே அசையவில்லை.

“பழகிப்போச்சோ என்னவோ” என்றாள் சுகந்தி. “தினமும் பார்த்துப் பார்த்து...”

“பழகறதுக்கு மொத நாளே ஒண்ணும் ஆவலியே மேடம்” என்றாள் தேசம்மா. “இந்தப் பொண்ணு நேத்துதான் வியாசர்பாடி குப்பத்துலேந்து வந்திச்சி. எந்தம்பி பொண்டாட்டி. ஏண்டி, உனுக்கு எதனா ஆச்சா?” அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

பெனடிக்ட் தலையைச் சொறிந்தான். “மேடம், அப்ப டோஸ் விஷயமே இல்ல. பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான். எதை ஏத்தறது?” சட்டென்று குரலைத் தாழ்த்தினான். “ஆமா, நம்ம படத்துக்கு முதல்ல பட்டை கட்டிக்கிட்டது யாரு? நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி.”

“நம்ம ஆளுங்கதான். ரகோத்தமன் சார் இருக்கிற அபார்ட்மென்ட் சங்கத்துல சொல்லி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாங்க. படிச்சவங்க, ஒழுங்கா உட்காருவாங்கன்னு.”

“ஒருத்தர்கூட இந்த மாதிரி ஏரியாவுலேருந்து இல்லையா?”

“இவங்களை ஏன் கூப்பிடப்போறாங்க?” என்றாள் சுகந்தி. சொன்ன பிறகுதான், தேசம்மாவுக்குக் காது கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. தேசம்மா பட்டையைக் கழற்றுவதில் கவனமாக இருப்பது போல இருந்தாள்.

“இல்ல, அட்டையும் உள்பக்கச் சுவரும் ஒரே தொகுதி பெயின்ட். கலவை கெட்டுப்போயிருக்கணும்” என்றான் பெனடிக்ட், விடாமல். “இங்க நம்ம மாதிரி வெளி ஆள் யாராவது கண்ணாடி இல்லாம பார்த்தாத்தான் தெரியும். என்னால ஆகாது. போன வருஷம் தெரியாத்தனமா அரை விநாடி பார்த்துட்டு ஒரு வாரம் மோர்சோறு.”

“வெளிய டிரைவர் எடுத்த வாந்தி போதாதா உனக்கு?”

“அது வெளிப்பக்கச் சுவர். உள்பக்கம்தானே இவங்க பார்க்கறாங்க?”

சுகந்தி எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நாகப்பனின் கட்டில் எதிர்வீட்டு வாசலில் நிமிர்த்திச் சாத்தியிருந்ததைப் பார்த்ததாலோ என்னவோ. மதிலின் அருகே போனாள். பேப்பர் படித்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

தனித்தனித் தாள்களில் அவள் மாதக்கணக்காகச் சீவித் திருத்திய சாமான்கள் ஒன்றாக நின்றன. அந்தக் கோடுகள் அவளுக்குத் தெரியும். நடுவிலிருந்து கிளம்பி, இரண்டு பக்கமும் ஏறி வளையும் மெல்லிய மடிப்புகள். அந்த நிறம் தெரியும். பச்சை கலந்த ஒரு சதைநிறம். அந்த நிழல்கள், ஒரு பக்கம் மட்டும் மேலே இழுத்துக்கொண்ட அந்த வடிவம், அதன் கீழே விட்ட குறுகலான இடைவெளி, எல்லாம் தெரியும். சேர்ந்து நின்றபோது அது அவள் செய்த படமாக இல்லை. அது அவளைப் பார்த்தது. நீ ஒரு அழுக்கு என்றது. கிட்ட வராதே என்றது. யாரும் அவளிடம் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. ராஜ்திலக் சொன்னது சரிதான். எதையோ பார்க்கிறோம் என்று தெரிகிறது, எதை என்று பிடிபடுவதற்குள்...

காலையில் குடித்த காப்பி, பிறகு பச்சையாகப் பித்தம், பிறகு வெறும் காற்று. ஓங்கரித்து ஓங்கரித்து விலா வலித்தது. கிரிக்கெட் நின்றுவிட்டது. யாரோ அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். இன்னொரு கை முதுகைத் தடவிக்கொடுத்தது.

“ஒண்ணியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எல்லாம் வரட்டும். சொவுத்தப் பாக்காத, கண்ண மூடிக்கோ.”

தேசம்மாதான். அவள் சேலையில் தெறித்திருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சுகந்தியைத் தாங்கிக்கொண்டு போய் நாற்காலியில் சுவருக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள். பெனடிக்ட் கருவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

“கலவை சரியாத்தான் இருக்கு” என்றாள் சுகந்தி, வாயைத் துடைத்தபடி. அவளுக்கு அழுகை வந்தது. அசிங்கமாக இருந்தது. தன் மேலேயே வாந்தி வாடை. “நான் செஞ்சதும்மா அது. என்னையே இப்படிப் புரட்டிப் போட்டுடுச்சு. காசு கொடுத்து இதைத் தீட்டச் சொன்னவரே நேத்து மேஜை பூரா கொட்டிட்டார். தெருமுனையில டிரைவர் கிடக்கிறான். உங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?”

தேசம்மா உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எவர்சில்வர் தம்ளர். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலும், சாம்பல் போட்டுத் தேய்த்ததில் பளபளத்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது.

சுகந்தியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தொண்டையெல்லாம் கசப்பு. அவள் தம்ளரைப் பார்த்தாள். அதை யார் யார் வாய் வைத்துக் குடித்திருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள். கை தம்ளருக்குப் போகவில்லை. தோள்பையைத் துழாவித் தன் பாட்டிலை எடுத்தது.

“பரவாயில்லம்மா. என்கிட்ட இருக்கு.”

தேசம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. கோபப்படவும் இல்லை. குனிந்து, சுகந்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், தெரிந்த ஆளை அடையாளம் பார்க்கிறவள் போல. பிறகு சிரித்தாள்.

“தோ, தம்ளரப் பாத்ததும் இப்ப உங்க மூஞ்சி போச்சே மேடம் ஒரு மாரியா, அந்த மூஞ்சியத்தான் சொவுரு பூரா வரைஞ்சி வெச்சிகிறீங்க, எங்களுக்கு அது பொறந்ததுலேந்து பாத்த மூஞ்சி.”